அஞ்சம்மாள் இடுப்பில் இருந்த சாவி

அஞ்சம்மாள் என்கிற பெயரை நான் முதன்முதலில் ஒரு வசவாகத்தான் கேட்டேன். வீராம்பட்டினத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் நாள் அது. மீன் கழுவிய சட்டியைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்த்துவிட்டு, மூன்றாம் தரமும் தேய்க்க உட்கார்ந்தேன். என் மாமியார் செல்வாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

“போதும்டி, சட்டி ஓட்டையாயிடப் போவுது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு அஞ்சம்மா இருக்கறது பத்தாதா? இன்னொருத்தி வந்துட்டா!”

யார் அந்த அஞ்சம்மா என்று கேட்க எனக்குப் பயம். சாயங்காலம் என் வீட்டுக்காரர் உத்திராபதிதான் சிரித்துக்கொண்டே சொன்னார். என் மாமனார் தெய்வசிகாமணி அப்போது குப்பத்துக்கு நாட்டார். நாட்டார் சொன்னால்தான் வலை கடலில் இறங்கும், சண்டை கரையில் அடங்கும். அவருடைய அண்ணன் மகள்தான் அஞ்சம்மாள். அவளைப் பெற்றவள் எங்கள் வீராம்பட்டினத்துக்காரி, என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஆகவே புருஷன் வழியில் பார்த்தாலும் பிறந்த வழியில் பார்த்தாலும் எனக்கு அவர் அண்ணி. இப்படி இரண்டு கயிற்றில் கட்டின உறவு சுலபத்தில் அவிழாது என்பார்கள்.

அண்ணி பன்னிரண்டு வயதில் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு துரை வீட்டுக்கு வேலைக்குப் போனவர். அங்கே இருக்கும்போதே கல்யாணம் ஆனது. புருஷன் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குச் சமையல்காரனாகச் சைகோனுக்குக் கப்பலேறினார். இரண்டு கடுதாசி வந்தது, அதோடு சரி. ஐம்பத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் கொடி மாறியது. அடுத்த வருஷம் துரையும் மதாமும் பிள்ளைகளோடு சீமைக்குப் போய்விட்டார்கள். அண்ணி ஒரு தகரப் பெட்டியும், சுத்தம் பார்க்கிற கிறுக்குமாகக் குப்பத்துக்குத் திரும்பி வந்தார்.

குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு மரியாதை அவள் கூடையில் இருக்கிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய், நாலு தெருவுக்குக் கேட்கக் கூவி, வாய்ச்சண்டை போட்டு விற்கத் தெரிய வேண்டும். அண்ணிக்கு மூன்றும் தெரியாது. கூவச் சொன்னால் வாங்குகிறவள் காதருகே போய் மெதுவாகச் சொல்வார். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ‘மதாம்’ என்று பட்டப்பேர் வைத்தார்கள். கருவாடு காயவைக்கிற இடத்தில் காக்கை ஓட்டுகிற வேலைதான் அவருக்கு மிஞ்சியது. காக்கையைக்கூட “ஆலே! ஆலே!” என்று பிரெஞ்சில்தான் விரட்டுவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் ஒரு வண்டி வந்தது. அதில் பெரிய மரப்பெட்டி ஒன்று, பேட்டரி, பித்தளைக் குழாய். சர்க்கார் விளம்பர ஆபீசிலிருந்து தணிகாசலம் என்கிறவர் சைக்கிளில் கூடவே வந்தார். சர்க்கார் ஊர் ஊருக்கு ரேடியோப் பெட்டி கொடுக்கிறது, மழை, காற்று, பாட்டு, செய்தி எல்லாம் அதில் வரும், யாரும் காசு கொடுக்க வேண்டாம் என்று சொன்னார். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது அறையில் பெட்டியை இறக்கினார்கள். முள்ளைச் சென்னை நிலையத்தில் நிறுத்தி அரக்கு வைத்திருந்தது. திருப்ப வேண்டியது ஒரே ஒரு குமிழ்தான்.

தணிகாசலம் காகிதத்தை விரித்தார்.

“யாரு பேரை எழுதிக்கட்டும்? பொட்டியைத் தொறக்க, மூட, பத்திரமா பார்த்துக்க ஒருத்தர் வேணும். தெனம் என்னா கேட்டீங்க, எத்தினி பேரு கேட்டீங்கன்னு நோட்டுல பதியணும். கெட்டுப்போச்சுன்னா அந்த ஆளுதான் சர்க்காருக்குப் பதில் சொல்லணும்.”

நாலு மரத்தைக் கட்டி அதன்மேல் நின்றுகொண்டு நடுக்கடலுக்குப் போகிற ஆம்பிளைகள், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பதுங்கினார்கள்.

“ஒருத்தரும் இல்லேன்னா சொல்லிடுங்க. வைத்திக்குப்பத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க. வண்டியை அப்படியே திருப்பிடறேன்.”

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து அண்ணி எழுந்து போனார். முந்தானையால் பெட்டியின் முகத்தைத் துடைத்தார். “தூஸ்மான், தூஸ்மான்”, அதாவது மெதுவா, மெதுவா என்று பிரெஞ்சில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழந்தை காதைத் தொடுகிறதுபோல் குமிழை மெதுவாகத் திருப்பினார். குழாய் ஒரு கத்து கத்தியது. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். பிறகு நாகசுரம் வந்தது. துரை வீட்டில் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் அங்கிருந்த ரேடியோவைத் துடைத்து, சாயங்காலம் துரை நாற்காலியில் உட்காரும்போது திருப்பி வைத்த கை அது.

“மதாம் கை பட்டதும் பேசுதுடா!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமனாருக்கு மனசில்லை. “பொம்பளை கையில ஊரு சாவியைக் குடுத்தா நாலு பேரு சிரிக்க மாட்டானா?”

என் மாமியார் அதுவரை அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்: “பொட்டி வைத்திக்குப்பத்துக்குப் போனா மட்டும் சிரிக்க மாட்டானா?”

மாமனார் தலையசைத்தார். தணிகாசலம் அஞ்சம்மாள் என்று எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அண்ணி அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகினார். அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து நடந்து பார்த்தேன். நல்ல உயரம்.

பொழுது சாய்கிற நேரத்தில் அறை திறக்கும். பெண்கள் ஒரு பக்கம், வலை பின்னிக்கொண்டே ஆம்பிளைகள் ஒரு பக்கம். காலில் மணலோடு ஒருத்தரையும் உள்ளே விடமாட்டார். நாட்டாரே ஆனாலும் காலைத் தட்டிவிட்டுத்தான் வரவேண்டும். நோட்டுதான் தொல்லை. அண்ணிக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அதனால் படம் போட்டார். கடல் செய்தி வந்தால் ஒரு மீன். விவசாயப் பேச்சு வந்தால் நெற்கதிர். பெண்களுக்கான பேச்சு என்றால் பானை. பாட்டுக்கு ஒரு மணி. கேட்க வந்த தலைக்கு ஒரு புள்ளி. முதல் மாசம் பார்க்க வந்த தணிகாசலம் நோட்டைத் திறந்து திகைத்துப்போனார்.

“என்னம்மா இது, கோலம் போட்டு வச்சிருக்கே?”

“படிச்சுப் பாருங்க ஐயா. ஆடிப் பதினெட்டுக்கு மணி நாலு, கதிரு ஒண்ணு, மீனு ஒண்ணு, அம்பத்தாறு பேரு.”

அவர் விரல் வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பெட்டி சொன்னது: மறுநாள் பலத்த காற்று அடிக்கும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். அண்ணி பெட்டியை மூடிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. நல்ல மீன்பாடு வேறு. மாமனார் கரையில் போய் நின்று வானத்தைப் பார்த்தார், தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார்.

“கடலு என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்மா. மெட்ராஸ்ல பாயைப் போட்டு ஒக்காந்திருக்கறவனுக்கு என்னா தெரியும்?”

“ஒரு நாளு சித்தப்பா. ஒரே ஒரு நாளு மரத்தை இறக்காதீங்க. காத்து வரலேன்னா இந்தச் சாவியை ஒங்க கையில குடுத்துட்டு நான் கூடை தூக்கப் போறேன்.”

“நீ கூடை தூக்கி? அதையும் பார்த்துடலாம்” என்று மாமனார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் சம்மதித்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வீடு வீடாக ஆள் விட்டுச் சொன்னார். முப்பத்தேழு கட்டுமரமும் கரையில் நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தார்.

மறுநாள் மதியம் காற்று வந்தது. இரண்டு நாள் நின்று ஆடியது. எங்கள் கூரை போனது, கோயில் வேப்பமரம் போனது. குப்பத்தில் ஓர் ஆள் குறையவில்லை. வேறு ஊர்களில் என்ன ஆனது என்று நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு யாரும் மதாம் என்று கேலியாகச் சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் பூ வைத்தார்கள். அண்ணி எடுத்து வெளியே வைத்தார். மறுபடி வைத்தார்கள்.

மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் முதலாக ஊர்ப்பட்ட சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற நாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது மரம் கட்டினால், முதல்முதல் கடலில் இறக்குமுன் மஞ்சள் குங்குமம் வைத்து, கடல் தண்ணீர் தெளித்துத்தான் இறக்குவார்கள். மாமனார் ஊரைக் கூட்டிச் சொன்னார்: “நம்ம உசிரைக் காப்பாத்தினது அந்தப் பொட்டி. அதுவும் நமக்கு ஒரு மரந்தான். மரத்துக்குச் செய்யறதை அதுக்கும் செஞ்சிடணும். சாமி முழுகின தண்ணி எடுத்தாந்து தெளிக்கலாம்.”

அண்ணி பதறி எழுந்தார்.

“வேணாம் சித்தப்பா. மதாம் வூட்டுல அதை ஈரத் துணியாலகூடத் தொட வுடமாட்டாங்க. உள்ளாற எல்லாம் கம்பியும் கண்ணாடியும்.”

“சாமி முழுகின தண்ணிடி. கெடுதல் பண்ணுமா?”

“சாமிக்குப் பண்ணாது. பொட்டிக்குப் பண்ணும்.”

பேசிப் பேசி, மாவிலையால் மூன்றே சொட்டு என்று முடிவானது. நாட்டார் வீட்டு மூத்த மருமகள், தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருக்கிறது, அவள் கையால் தெளிக்கட்டும் என்றார்கள். அது நான்.

நாலு பேர் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். மேளம் அடித்தது. மாமியார் செம்பு நிறைய மொண்டு கொடுத்தார். நான் மாவிலையைக் கையில் எடுத்தேன். அந்தக் கார்த்திகைக் காற்றுக்குள் என் வீட்டுக்காரர் போயிருந்தால் என்கிற நினைப்பு வந்தது. அவ்வளவுதான். மூன்று சொட்டாவது கணக்காவது. அம்மன் தலையில் ஊற்றுகிற மாதிரி செம்பை அப்படியே கவிழ்த்துவிட்டேன். தண்ணீர் பெட்டியின் முகத்தில் கட்டியிருந்த துணி வழியே உள்ளே இறங்கியது.

“அடிப் பாவி” என்றார் அண்ணி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அன்று சாயங்காலம் பெட்டி நன்றாகவே பேசியது. “பார்த்தியா, சாமி தண்ணி!” என்று ஊரே அண்ணியைக் கேலி பண்ணியது. ஆறாம் நாள் கரகரத்தது. ஒன்பதாம் நாள் பேச்சு நின்றது.

ஆம்பிளைகள் கூடிப் பேசி, மழை ஒழுகிவிட்டது என்று சொல்லலாம் என்றார்கள். அண்ணி எதையும் கேட்கவில்லை. மாதப் பார்வைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. விடிந்ததும் ஆபீசுக்கு நடந்து போய்ப் பெட்டி பேசவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் தணிகாசலம் வந்தார்.

“கூரை ஒழுவி மழைத் தண்ணி எறங்கிடுச்சுங்க” என்றார் மாமனார்.

“மாசியில மழையா நாட்டாரே?”

மாமனார் மேலே பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்திருக்கும், ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை. தணிகாசலம் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு. ஒரு மஞ்சள் அரிசிகூட இருந்தது.

“கடல் தண்ணிங்க ஐயா” என்றார் அண்ணி. “என் பொறுப்புல இருந்த பொட்டி. நாந்தான் பதில் சொல்லணும்.”

“யாரு ஊத்தினது?”

“என் பொறுப்புல இருந்த பொட்டிங்க.”

அவர் மறுபடி கேட்டார். அண்ணி மறுபடி அதையே சொன்னார். மாமியார் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் முள் குத்துகிறது. பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மேலே எழுதிப் போடுகிறேன், வேறு பெட்டி வருமா வராதா என்று சொல்ல முடியாது, வந்தாலும் இந்தம்மா பேர் இருக்காது என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் போனார்.

நான் அண்ணி வீட்டுக்குப் போய் அழுதேன். “எதுக்குடி அழுவறே? புள்ளைத்தாச்சி அழுவக்கூடாது. போய்ச் சட்டியைத் தேய்” என்றார். இடுப்பில் சாவி அப்படியே இருந்தது. திறக்கப் பெட்டிதான் இல்லை.

மறுநாள் வெயில் தாழ ஆரம்பித்ததும் அண்ணி தெற்கே நடந்து போவதைப் பார்த்தேன். பழைய கவர்னர் மாளிகைக்கு எதிரில் இருக்கிற தோட்டத்தில் நகரசபைக்காரர்கள் ஒரு குழாய் கட்டி ரேடியோ வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் காற்று வாங்க வருகிற இடம். அண்ணி ஒரு மரத்தடியில் நின்று கடல் செய்தியைக் கேட்டுக்கொண்டு, வேகமாகத் திரும்பி வந்து மாமனாரிடம் சொன்னார்: “கடலு அமைதியாம். காத்து கெழக்கால. போய்ட்டு வரலாம்.”

அடுத்த நாளும் அண்ணி போனார். அதற்கடுத்த நாளும். பங்குனி வெயிலில் இருபத்துமூன்று நாள். ஒரு வாரம் போனதும், அண்ணி வருகிற நேரத்துக்கு ஆம்பிளைகள் கோயில் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவர் சொல்லாமல் ஒருத்தரும் மறுநாளுக்கு வலை எடுத்து வைக்கவில்லை.

இருபத்துநாலாம் நாள் தணிகாசலம் வெறும் காகிதத்தோடு வந்து ஊரைக் கூட்டினார். பெட்டியைப் பழுது பார்த்துத் தருவார்கள், ஆனால் சேதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், பார்த்துக்கொள்கிற ஆளை மாற்ற வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. அண்ணி கேட்டதும் கயிற்றை அவிழ்த்துச் சாவியை அந்தக் காகிதத்தின்மேல் வைத்தார்.

மாமியார் கை என் மணிக்கட்டுக்கு வருமுன் நான் எழுந்துவிட்டேன்.

“ஐயா, ஊத்தினது நானு. மூணு சொட்டுன்னாங்க. நான் செம்போட ஊத்திட்டேன்.”

நாட்டார் வீட்டு மருமகள் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். “ஒக்காருடி” என்று அண்ணி அதட்டினார். நான் உட்காரவில்லை. யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன்.

“செம்பு என்னுதுதான்” என்று எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். என் மாமியார்! “நெறைய மொண்டு குடுத்தது நானு. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னா தெரியும்?”

மாமனார் தொண்டையைச் செருமினார். “சடங்கு வைக்கச் சொன்னது நாந்தாங்க. அவ வேணாம்னுதான் சொன்னா. மழையின்னு சொன்னதும் நான்தான்.”

“தூக்கியாந்து வாசல்ல வச்சது நாங்க நாலு பேரு.”

“மஞ்சள் அரிசி நான் போட்டது” என்றார் கோயில் பூசாரி.

“நிறுத்துங்கய்யா!” என்று தணிகாசலம் கையைத் தூக்கினார். “என் காயிதத்துல காரணம் எழுத ஒரு கோடுதான் இருக்கு. ஊரையே எங்க எழுதுவேன்?” சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பியவர் அண்ணியின் கையிடுக்கில் நோட்டைப் பார்த்தார். “அது என்னாம்மா?”

அண்ணி கொடுத்தார். பெட்டி போன நாளுக்குப் பிறகும் பக்கங்கள் நிறைந்திருந்தன. இருபத்துமூன்று நாளுக்கு இருபத்துமூன்று மீன். புள்ளி மட்டும் தினம் ஒன்றே ஒன்று.

“பொட்டியே இல்லாம என்னத்தைப் பதிஞ்சே?”

“கேட்டதைத்தாங்க. தோட்டத்துல போய்க் கேட்டேன். கேட்டது நான் ஒருத்திதான்.”

அவர் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனார். கார்த்திகைப் பக்கத்தில் நின்றார். அதில் ஒரு பெரிய மீன், அதன் கீழே கரையில் ஏற்றின முப்பத்தேழு மரம், ஒவ்வொன்றாக வரைந்திருந்தது. மரங்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு காகிதத்தில் எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். ‘ஊரார் பெட்டிக்குக் காட்டிய மிகுந்த மரியாதையினால் சேதம் நேர்ந்தது. பார்த்துக்கொள்பவரை மாற்றத் தேவையில்லை.’ நோட்டைத் தாம் கொண்டுபோய் மேலதிகாரியிடம் காட்டுவதாகச் சொன்னார். சாவியை எடுத்து அண்ணியிடமே நீட்டினார்.

“அடுத்த தரம் பூவோட நிறுத்திக்கங்கம்மா.”

சித்திரையில் பெட்டி திரும்பி வந்தது. அதைச் சுற்றி மரப்பலகையால் ஒரு கூடு, பக்கத்தில் ‘தண்ணீர் படக்கூடாது’ என்று ஒரு தகடு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் அண்ணி சுண்ணாம்பால் அதன் கீழே ஒரு செம்பை வரைந்து குறுக்கே இரண்டு கோடு போட்டார். “ஒன் செம்புடி” என்று பெண்கள் என்னை இடித்துச் சிரிப்பார்கள். ஆனியில் எனக்குப் பெண் பிறந்தாள். தொட்டிலில் போட்ட அன்று, பெட்டியைத் தொடுகிற அதே கையால் அண்ணி அவள் காதைத் தொட்டு, “தூஸ்மான்” என்றார்.

அறுபத்திரண்டில் ஆவணி பிறக்கிற நேரம், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த சேதியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. அண்ணி அன்றைக்கு நோட்டில் என்ன வரைவது என்று தெரியாமல் எல்லாப் படத்தையும் ஒரு தரம் போட்டு வைத்தார். எத்தனையோ சர்க்கார் காகிதம் என் ஆயுசில் பார்த்துவிட்டேன். தணிகாசலம் எழுதின அந்த ஒரு கோட்டுக்கும், அதை எழுதவைத்த அந்த நோட்டுக்கும் நான் கும்பிடு போடாத நாள் இல்லை. பிறகு குப்பத்துக்குக் கரண்டு வந்தது, வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது. பெட்டியை ஆபீசில் ஒப்படைத்த அன்று சாவியையும் கேட்டார்கள். தொலைந்துபோய்விட்டது என்று அண்ணி சொன்னார். அவர் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அஞ்சம்மாள் அண்ணிக்கு இப்போது தொண்ணூறு வயது. லாஸ்பேட்டையில் என் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார்.